பாம்பனிட்டோ: சுட்ட கடலுக்கே திரும்பி வந்த நீர்மூழ்கி

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரில் ஓர் அமெரிக்க நீர்மூழ்கி, தானே மூழ்கடித்த கப்பலில் இருந்த கைதிகளைத் தானே திரும்பிப் போய்க் காப்பாற்றியது என்று படித்தேன். அவர்கள் சயாம் ரயில் பாதையில் வேலை செய்தவர்களாம். என் பூட்டனார் மலாயாத் தோட்டத்திலிருந்து அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர். இது உண்மையா? கைதிகள் இருப்பது தெரிந்தே சுட்டார்களா? அந்தக் கப்பலில் தமிழர் யாராவது இருந்தார்களா?"

நடந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் படித்ததில் ஒரு திருத்தம் இருக்கிறது. அந்த நீர்மூழ்கியின் பெயர் பாம்பனிட்டோ. அது காப்பாற்றிய 73 பேரும் ரக்குயோ மாரு என்ற கப்பலில் வந்தவர்கள். அந்தக் கப்பலைச் சுட்டது பாம்பனிட்டோ அல்ல, அதோடு சேர்ந்து வேட்டையாடிய சீலயன் என்ற இன்னொரு நீர்மூழ்கி. பாம்பனிட்டோ சுட்டது அதே கப்பல் தொடரில் வந்த கச்சிடோக்கி மாரு. அதிலும் 900 கைதிகள் இருந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை என்பதால், சொல்லிச் சொல்லி ஒரே கதையாகிவிட்டது.

முதலில் நீர்மூழ்கியைப் பற்றிக் கொஞ்சம். அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் நீர்மூழ்கிகளுக்கு மீன்களின் பெயரை வைப்பது வழக்கம். பாம்பனிட்டோ என்பதும் ஒரு மீன், நம் ஊர்ப் பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டி, 1943 ஜூலையில் தண்ணீரில் இறக்கி, நவம்பரில் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் சுமார் 95 மீட்டர், அகலம் 8 மீட்டர் சொச்சம். உள்ளே 80 பேர், 24 டார்பிடோக்கள் (தண்ணீருக்குள் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டுகள்), நான்கு டீசல் எஞ்சின்கள், 252 பேட்டரிகள்.

அந்த பேட்டரிகளைப் புரிந்துகொண்டால்தான் பிறகு நடந்ததெல்லாம் விளங்கும். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். ஆகவே தண்ணீருக்கு மேலே இருக்கும்போதுதான் அது ஓடும். மேலே மணிக்கு 20 கடல் மைல் வேகம் போகலாம். முங்கிவிட்டால் பேட்டரிதான் கதி. முழு வேகத்தில் ஓட்டினால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. மெதுவாக ஊர்ந்தால் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் இவை பெரும்பாலும் மேலேயே ஓடின. இரவில் ரேடாரை வைத்துத் தேடி, மேலே இருந்தபடியே சுட்டு, எதிரி துரத்தும்போது மட்டும் முங்கின.

அமெரிக்கக் கடற்படையின் மொத்த ஆட்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானவர்களே நீர்மூழ்கிகளில் இருந்தார்கள். ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அவர்கள் மூழ்கடித்தவைதான். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது: 52 நீர்மூழ்கிகள், 3,500 உயிர்கள். எண்ணெய், ரப்பர், பாக்சைட் என்ற அலுமினியத் தாது, அரிசி எல்லாம் தெற்கிலிருந்து ஜப்பானுக்குக் கடல் வழியேதான் போக வேண்டும். அந்த வழியை அறுப்பதுதான் இவர்களுக்கு இடப்பட்ட வேலை.

இப்போது அந்தக் கப்பல்களில் வந்த கைதிகளிடம் போவோம்.

போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பானியர்கள் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. 415 கிலோமீட்டர் பாதை. வேலை முடிந்ததும், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளில் ஓரளவு தெம்பாக இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, ஜப்பானில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை வாங்க ஜப்பானியர்கள் முடிவு செய்தார்கள். 'தெம்பு' என்பதை இங்கே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மலேரியா வந்து வந்து போனவர்கள், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயில் கால் வீங்கியவர்கள், எலும்பில் தோல் போர்த்திய மாதிரி இருந்தவர்கள்தான் அவர்கள். எழுந்து நிற்க முடிந்தால் தெம்பு என்று கணக்கு.

1944 செப்டம்பர் 6-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து அந்தக் கப்பல் தொடர் கிளம்பியது. ரக்குயோ மாருவில் 1,300-க்கும் மேற்பட்ட கைதிகள். கச்சிடோக்கி மாருவில் 900 பேர். ரக்குயோ மாருவில் ரப்பரும் ஏற்றியிருந்தார்கள். மலாயா ரப்பர் என்றால் அந்தப் பால்மரங்களைச் சீவியவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கச்சிடோக்கி மாருவுக்கு ஒரு முன்கதை உண்டு. அது ஜப்பானியர் கட்டிய கப்பலே அல்ல. அமெரிக்காவில் கட்டிய பயணிகள் கப்பல், பழைய பெயர் பிரெசிடென்ட் ஹாரிசன். 1941 டிசம்பரில் போர் மூண்டபோது சீனக் கரையோரம் அகப்பட்டுக்கொண்டது. ஜப்பானியர்கள் பிடித்துப் பழுதுபார்த்து, பெயரை மாற்றி ஓட்டினார்கள். ஆக, அமெரிக்கக் கப்பலில், அமெரிக்காவின் கூட்டாளி நாட்டுச் சிப்பாய்கள் 900 பேர். அதைத்தான் அமெரிக்க டார்பிடோ தாக்கப் போகிறது.

அவர்கள் வரும் வழியில் சீனாவின் ஹைனான் தீவுக்குக் கிழக்கே மூன்று நீர்மூழ்கிகள் காத்திருந்தன: குரோலர், சீலயன், பாம்பனிட்டோ. பாம்பனிட்டோவின் கேப்டன் பால் சம்மர்ஸ், சீலயனின் கேப்டன் எலை ரைக். ஜப்பானியரின் ரகசியக் குறியீட்டுச் செய்திகளை அமெரிக்கர்கள் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தொடர் எந்த வழியாக வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

செப்டம்பர் 12, விடிவதற்கு முன்பு குரோலர் காவல் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. பாம்பனிட்டோ சுடுவதற்குத் தோதான இடம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சீலயன் முந்திக்கொண்டது. அதிகாலை ஐந்தரை மணி வாக்கில் ரக்குயோ மாருவில் டார்பிடோக்கள் பாய்ந்தன. தொடர் கலைந்து மேற்கே ஹைனான் பக்கம் ஓடியது.

பாம்பனிட்டோ அன்று பகல் முழுக்கத் துரத்தியது. இருட்டிய பிறகு நெருங்கி, சுடத் தயாரானபோது உள்ளே ஒரு விபரீதம். டார்பிடோவைச் செலுத்தும் குழல்களில் நான்காவதில் இருந்த டார்பிடோ, குழலை விட்டு வெளியேறாமல் உள்ளேயே ஓடத் தொடங்கிவிட்டது. எஞ்சின் அலற, குழல் அதிர, முன் அறையில் இருந்தவர்கள் செய்வதறியாமல் நின்றார்கள். டார்பிடோ தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அதன் வெடிமுனை உயிர்பெறும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தாலும், கைக்கெட்டும் தூரத்தில் அது உறுமும்போது அந்த அறிவு எவ்வளவு ஆறுதல் தரும்? அதை அப்படியே விட்டுவிட்டு சம்மர்ஸ் மற்றக் குழல்களிலிருந்து சுட்டார். இரவு 10.40-க்கு முன்பக்கத்திலிருந்து ஐந்து. நீர்மூழ்கிப் படகைத் திருப்பி, மூன்று நிமிடத்தில் பின்பக்கத்திலிருந்து நான்கு. ஒன்பதில் ஏழு பட்டன. கச்சிடோக்கி மாருவும் ஓர் எண்ணெய்க் கப்பலும் மூழ்கின.

மேல்தளத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய வெற்றி. எதிரியின் பத்தாயிரம் டன் கப்பல். உள்ளே யார் இருந்தார்கள் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

கச்சிடோக்கி மாரு சீக்கிரமே மூழ்கிவிட்டது. தண்ணீரில் விழுந்த கைதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை ஜப்பானியக் கப்பல்களே எடுத்தன. அவர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

ரக்குயோ மாருவின் கதை வேறு. அது மூழ்க ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஜப்பானிய மாலுமிகளும் காவலர்களும் மீட்புப் படகுகளை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கிவிட்டார்கள். கைதிகள் கையில் கிடைத்த பலகை, தெப்பம், மரச்சாமான் எல்லாவற்றையும் கடலில் வீசிவிட்டுக் குதித்தார்கள். பிறகு ஜப்பானியக் காவல் கப்பல்கள் வந்து தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போயின. கைதிகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள். ஜப்பானியர் விட்டுப்போன படகுகளில் சிலர் ஏறினார்கள். ஒரு கூட்டத்தை ஜப்பானியக் கப்பல் பிறகு எடுத்துக்கொண்டது. இன்னொரு கூட்டத்தில் பிரிகேடியர் ஆர்தர் வார்லி இருந்தார். பர்மாப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கைதிகளுக்குத் தலைமை தாங்கி, அவர்களுக்காக முகாம் அதிகாரிகளோடு ஓயாமல் மல்லுக்கட்டியவர். அவருடைய கூட்டத்துப் படகுகளில் இருந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

மீதிப்பேர் கச்சா எண்ணெய் மிதந்த தண்ணீரில், தெப்பங்களையும் கட்டைகளையும் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். நான்கு பகல், மூன்று இரவு. குடிக்கத் தண்ணீர் இல்லை. எண்ணெய் பட்டு கண் அவிந்தது. தாகம் பொறுக்காமல் உப்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் புத்தி பேதலித்து, 'அதோ கரை' என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 15. மிச்சக் கப்பல்களைத் தேடி அலைந்த பாம்பனிட்டோ, முதலில் தாக்குதல் நடந்த பகுதிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல, அது அதன் வழி, அவ்வளவுதான். மாலை நாலு மணி தாண்டியிருக்கும். மேல்தளத்தில் காவல் இருந்தவர்கள் தண்ணீரில் மிதக்கும் பொருள்களைப் பார்த்தார்கள், அப்புறம் ஒரு தெப்பம், அதில் ஆட்கள். ஜப்பானியர் என்றுதான் நினைத்தார்கள். துப்பாக்கிகளோடு தளத்துக்கு வந்தார்கள்.

கிட்டப் போனால், உடம்பெல்லாம் கரி பூசின மாதிரி எண்ணெய். யார், எந்த நாட்டவர் என்றே தெரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். 'எங்களை ஏற்றிக்கொள்ளுங்கள்' என்ற வார்த்தைகள் மட்டும் புரிந்ததாக சம்மர்ஸ் தன் ரோந்துக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதுவும் ஆங்கிலத்தில். அந்தத் தெப்பத்தில் சுமார் பதினைந்து பேர். சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குப் போகிற கைதிகள், கப்பலில் 1,300 பேர் இருந்தோம் என்றார்கள்.

அந்தச் செய்தி நீர்மூழ்கிக்குள் பரவியபோது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று நாளைக்கு முன்பு கைதட்டி மகிழ்ந்த வெற்றி அது. இப்போது அதற்கு முகம் வந்துவிட்டது.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. நீர்மூழ்கி ஆட்களை மீட்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. அதன் முதுகு உருண்டையாக, வழுக்கலாக இருக்கும். பிடிமானம் குறைவு. பட்டப்பகலில் எதிரியின் கடலில், எல்லா மூடிகளையும் திறந்து வைத்து, மேலே ஆட்களை நிறுத்திக்கொண்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். ஒரு விமானம் தலைகாட்டினால் உடனே முங்க வேண்டும். அப்படி முங்கினால் மேலே இருப்பவர்களும் தண்ணீரில் இருப்பவர்களும் அங்கேயே விடப்படுவார்கள். தெரிந்தேதான் மாலுமிகள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். கைதிகளுக்குக் கயிற்றைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. ஒவ்வொருவரையும் அணைத்துத் தூக்கி, தளத்தில் இழுத்துப் போட வேண்டியிருந்தது. எண்ணெயில் கை வழுக்கியது. படகில் இருந்த ஒருவர் அதை அசையும் படமாகவும் எடுத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

இருட்டும்வரை தெப்பம் தெப்பமாகத் தேடி எடுத்தார்கள். மொத்தம் 73 பேர். எண்பது பேருக்கே இடம் போதாத படகில் இப்போது நூற்றைம்பதுக்கும் மேல். உடம்பிலிருந்த எண்ணெயை டீசல் நனைத்த துணியால் துடைத்தார்கள். ஈரத்துணியைச் சப்பக் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், சூடான சாறு, தேநீர் கொடுத்தார்கள். மாலுமிகள் தங்கள் துணிமணியையும் படுக்கையையும் கொடுத்தார்கள். படகில் மருத்துவர் கிடையாது. ஒரே ஒரு மருத்துவ உதவியாளர்தான், அமெரிக்கர் வசமிருந்த சைப்பான் தீவுக்குப் போய்ச் சேரும்வரை சரியாகத் தூங்காமல் 73 பேரையும் கவனித்தார். ஒருவர் மட்டும் பிழைக்கவில்லை, அவரைக் கடலில் அடக்கம் செய்தார்கள்.

சம்மர்ஸ் உடனே சீலயனுக்கும் செய்தி அனுப்பியிருந்தார். சீலயன் வந்து 54 பேரை எடுத்தது. அதற்கு மேல் இடமில்லை. மேலும் ஆட்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே திரும்ப வேண்டியிருந்தது. தகவல் பேர்ல் ஹார்பருக்குப் போனதும் குயின்ஃபிஷ், பார்ப் என்ற இன்னும் இரண்டு நீர்மூழ்கிகளை அனுப்பினார்கள். வரும் வழியில் பார்ப், உன்யோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்துவிட்டு வந்தது. 17-ஆம் தேதி அந்த இரண்டும் சேர்ந்து 32 பேரை எடுத்தன. அதற்குப் பின் புயல் வந்துவிட்டது. நான்கு நீர்மூழ்கிகளும் எடுத்தது ஆக மொத்தம் 159 பேர். இரண்டு கப்பல்களிலுமாக இறந்த கைதிகள் ஆயிரத்துக்கும் மேல்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. தெரிந்தே சுட்டார்களா?

கேப்டன்களுக்குத் தெரியாது. கைதிகள் இருப்பதைக் காட்ட அந்தக் கப்பல்களில் எந்த அடையாளமும் இல்லை. துருப்புகளும் சரக்கும் ஏற்றி, காவல் கப்பல்களோடு, விளக்கை அணைத்துக்கொண்டு போகிற தொடர் அது. ரேடாரில் ஒரு புள்ளி, பைனாகுலரில் ஒரு கரிய உருவம், அவ்வளவுதான் தெரியும். என் அபிப்பிராயத்தில் முதல் குற்றம் கைதிகளை அடையாளமில்லாத கப்பலின் அடித்தட்டில் திணித்து, போர்க்கடலுக்கு அனுப்பியவர்களுடையது. தப்பிக்க நேரம் இருந்தும் அவர்களைத் தண்ணீரில் விட்டுப் போனது அடுத்த குற்றம்.

ஆனால் அடையாளம் போட்டிருந்தால் கட்டாயம் தப்பியிருப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1945 ஏப்ரல் 1 அன்று அவா மாரு என்ற ஜப்பானியக் கப்பல், கைதிகளுக்கான உதவிப் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. தொடமாட்டோம் என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்திருந்தது, பக்கவாட்டில் வெள்ளைச் சிலுவைகளும் இருந்தன. மூடுபனியில் அது தெரியாமல், ரேடாரை மட்டும் நம்பிச் சுட்டுவிட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரே ஒருவர் பிழைத்தார். சுட்டது யார் தெரியுமா? புயலுக்கு முன்பு 18 பேரைத் தண்ணீரிலிருந்து எடுத்த அதே குயின்ஃபிஷ். அதன் கேப்டன் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

பாம்பனிட்டோவின் மற்ற ரோந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்தம் ஆறு. முதல் ரோந்தில் எதிரி தண்ணீருக்குள் போட்ட ஆழவெடிகளில் சிக்கிப் பலத்த சேதம் பட்டது. மொத்தக் கணக்கில் ஆறு கப்பல்களை மூழ்கடித்தது, நான்கைச் சேதப்படுத்தியது. போர் முடிந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் பழுதுபார்ப்பில் இருந்தது, 1945 டிசம்பரில் ஓய்வு கொடுத்தார்கள். கூட்டாளிகளில் குரோலர் அதே 1944 நவம்பரில் எல்லா ஆட்களோடும் தொலைந்துபோனது. சீலயன் அதே மாதம் கொங்கோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

1982 முதல் பாம்பனிட்டோ சான் பிரான்சிஸ்கோவின் ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நான் ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். அறைக்கு அறை சின்னக் கதவு, குனிந்து காலைத் தூக்கி வைத்துத்தான் போக வேண்டும். பின்பக்க டார்பிடோ அறையில் டார்பிடோக்களுக்கு மேலும் இடையிலும் தொங்கல் படுக்கைகள். மீட்டவர்களை அதிகம் கிடத்தியது இந்த அறையில்தான். படுக்கையில் புரண்டால் தோள் மேலே இருக்கிற குழாயில் இடிக்கும், அவ்வளவு இடம்தான். கடலில் நாலு நாள் மிதந்த உடம்புகளை, தங்களைச் சுட்ட டார்பிடோ மாதிரியான ஒன்றின் பக்கத்திலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. கப்பலில் ஏற்றப்பட்ட கைதிகள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள். தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் அந்தக் கைதிகளில் இல்லை. ஆனால் இந்த மீட்புக்கும் உங்கள் பூட்டனாருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ரயில் பாதையில் நடந்தது என்ன என்று வெளியுலகம் விவரமாகக் கேட்டது இந்த 159 பேர் வாயிலாகத்தான். அதுவரை ஜப்பானியர் அனுமதித்த நாலுவரி அஞ்சலட்டைகள்தான் வந்துகொண்டிருந்தன. இவர்கள் சொன்னதை வைத்து 1944 நவம்பரில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நாடாளுமன்றத்திலேயே அறிக்கை வைத்தார்கள். வீட்டில் காத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அப்போதுதான் நிலவரம் தெரிந்தது.

மலாயாவின் தோட்ட லயன்களில் காத்திருந்த குடும்பங்களுக்கு அப்படி யாரும் அறிக்கை வைக்கவில்லை. அந்தப் பாதையில் சிப்பாய்க் கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். அவர்களில் இறந்தவர்கள் பல பத்தாயிரம் பேர், அதில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 சிப்பாய்களுக்குத் தனித்தனிக் கல்லறையும் பெயரும் இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் வைத்தவர் இல்லை. பிழைத்தவர்கள் போர் முடிந்த பிறகு தாங்களாகவே தோட்டத்துக்கு வந்து சேர்ந்து, 'இன்னார் இன்ன முகாமில் போய்விட்டார்' என்று சொன்னதுதான் பல வீடுகளில் ஒரே சாட்சி.

அதனால் உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், பூட்டனார் எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போனவர்கள் யார் யார், திரும்பி வந்தவர் யார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், அங்கிருந்து தேடிப் பார்க்கலாம்.